ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா? கணித மேதையின் கடைசி 3 ஆண்டுகளும், குழந்தைகளுக்கான டிபி பரிசோதனையில் இன்றும் தீராத சிக்கலும்

காசநோய், அதாவது டிபி இருக்கா இல்லையா என்று உறுதி செய்ய மருத்துவர்கள் முதலில் கேட்பது சளி. சங்கரன்கோவில் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, சென்னையின் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் சரி, இதுதான் நடைமுறை. பெரியவர்கள் இருமி, காறித் துப்பிக் கொடுத்துவிடுவார்கள். 3 வயதுக் குழந்தை என்ன செய்யும்? அதுக்குத் துப்பவே தெரியாது. வந்த சளியை விழுங்கிவிடும். அப்படியே சாம்பிள் கிடைத்தாலும் அதில் கிருமி சிக்குவது கஷ்டம். காய்ச்சல், எடை, எக்ஸ்-ரே, வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்ற விசாரணை என எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் மருத்துவர் ஒரு முடிவுக்கு வரவேண்டியிருக்கும்.

இப்படி உறுதியான ஆதாரம் இல்லாமல், அறிகுறிகளை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது எவ்வளவு சிக்கலானது? அதைப் புரிந்துகொள்ள நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையே போதும். அவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவர் 32 வயதில் காசநோயால் இறந்தார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அது காசநோய்தானா என்ற கேள்விக்கு இன்றுவரை முடிவான பதில் கிடையாது.

பெரியம்மையில் பிழைத்த குழந்தை

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி கோயில் சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கு எழுதியவர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுபவர், ஜாதகம் பார்ப்பதிலும் நம்பிக்கை உள்ளவர்.

ராமானுஜனுக்கு 2 வயது ஆகும்போது, 1889 டிசம்பரில், பெரியம்மை வந்தது. தஞ்சை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற அம்மை அது. குழந்தை பிழைத்துக்கொண்டது. தழும்புகள் மட்டும் முகத்தில் கடைசிவரை இருந்தன. அவருக்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்த 3 குழந்தைகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டன. எதனால் இறந்தார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்ல அப்போது பெரிய வசதி கிடையாது. அந்தக் காலத்து வீடுகளில் இது சர்வசாதாரணம்.

உடம்பு முன்பே கொடுத்த எச்சரிக்கைகள்

கணக்கில் புலி, மற்ற பாடங்களில் கோட்டை. இதுதான் கல்லூரி நாட்களின் சுருக்கம். கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில மாதங்களிலேயே கடுமையான சீதபேதி. படிப்பை நிறுத்திவிட்டு 3 மாதம் கும்பகோணம் வீட்டில் படுத்திருந்தார். 1907-ல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி.

1909-ல் ஜானகியோடு திருமணம். அடுத்த சில மாதங்களில் விரைவீக்கம் வந்தது. அறுவை சிகிச்சைக்கு வீட்டில் காசு இல்லை. 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் இலவசமாகவே செய்துகொடுத்தார்.

சீதபேதி, அறுவை சிகிச்சை. இந்த ரெண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆண்டுகள் கழித்து லண்டனில் ஒன்று பெரிய பேச்சாகப் போகிறது. இன்னொன்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

துறைமுக குமாஸ்தா கேம்பிரிட்ஜ் போனது எப்படி?

1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலையில் சேர்ந்தார். 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஜி.எச்.ஹார்டிக்கு, தான் கண்டுபிடித்த சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1914 மார்ச் 17-ல் நெவாசா கப்பலில் ஏறி, ஏப்ரல் நடுவில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

போய் 4 மாதத்தில் முதல் உலகப்போர் தொடங்கியது. ராமானுஜன் கண்டிப்பான சைவம். கல்லூரிச் சாப்பாட்டைத் தொடாமல், அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் காய்கறி, பழம் எல்லாமே தட்டுப்பாடு. கணக்கில் மூழ்கினால் 30 மணி நேரம் விழித்திருந்து, பிறகு 20 மணி நேரம் தூங்குவார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஒழுங்கான சாப்பாடு, தூக்கம் இரண்டுமே இல்லை. எண்களைப் பற்றிய அவருடைய மிகப்பெரிய கட்டுரைகள் பல இந்த ஆண்டுகளில்தான் வந்தன.

1917: ஒரே உடம்பு, 4 பெயர்கள்

1917-ன் வசந்த காலத்தில் உடம்பு படுத்துவிட்டது. கேம்பிரிட்ஜில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரவில் காய்ச்சல், எடை குறைவு, வயிற்றில் வலி. இதற்கு என்ன பெயர் வைப்பது? அடுத்த ஒன்றரை ஆண்டில் மருத்துவர்கள் ஒவ்வொருவராகச் சொன்ன பெயர்கள் இவை:

- வயிற்றுப்புண். முதலில் சொன்னது இதைத்தான்.
- காசநோய். அப்போது ஐரோப்பாவில் பெரும் உயிர்க்கொல்லி டிபிதான். மெலிந்த இளைஞர், இரவுக் காய்ச்சல் என்றால் சந்தேகம் அதன்மேல்தான் போகும். ராமானுஜனோடு ஒட்டிக்கொண்ட பெயரும் இதுதான்.
- புற்றுநோய். லண்டன் நிபுணர் பேட்டி ஷா, ராமானுஜனுக்கு முன்பு ஒரு அறுவை சிகிச்சை நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதுவரை பார்த்த மருத்துவர்களுக்கு அது தெரியாது. அன்று வெட்டி எடுத்தது புற்றாக இருந்து, அது ஈரலுக்குப் பரவியிருக்கலாம் என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனால் மாதக்கணக்கில் நோய் முற்றாததால் இதுவும் பொருந்தவில்லை.
- ரத்தத்தில் கலந்த ஏதோ நஞ்சு. 1918 கடைசியில் உடம்பு கொஞ்சம் தேறி எடை கூடியபோது, மருத்துவர்களின் எண்ணம் இப்படி மாறியிருப்பதாக ஹார்டி இந்தியாவுக்குக் கடிதம் எழுதினார்.

டிபி கிருமியை ராபர்ட் கோச் கண்டுபிடித்தது 1882-ல். எக்ஸ்-ரே வந்தது 1895-ல். தோலில் போட்டுப் பார்க்கும் டியூபர்குலின் சோதனையை வியன்னா குழந்தை மருத்துவர் பிர்கே 1907-ல் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே பிரான்ஸின் சார்லஸ் மான்டூ அதை ஊசிமூலம் போடும் முறையை உருவாக்கினார். அதாவது, 1917-ல் கருவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் நுரையீரலில் டிபி என்று அடித்துச் சொல்லும் அறிகுறி ராமானுஜனிடம் தெளிவாக இல்லை. இதுதான் சிக்கலே.

சானடோரியத்தில் குளிரோடு போராட்டம்

டிபி என்று சொல்லிவிட்டால் அன்று வைத்தியம் ஒன்றுதான். சானடோரியம். மருந்து எதுவும் கிடையாது. டிபியைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான். எனவே திறந்த ஜன்னல், குளிர்ந்த காற்று, ஓய்வு, நிறையச் சாப்பாடு ஆகியவையே சிகிச்சை.

1917-ல் சிறிது காலம் சாமர்செட்டில் உள்ள மென்டிப் மலை சானடோரியத்தில் இருந்தார். அதை நடத்தியவர் இந்தியரான டாக்டர் டேவிட் சௌரி முத்து. இவர்தான் பிறகு 1928-ல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவர். ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வரக் காரணமான அதே இடம்தான்.

அங்கிருந்து டெர்பிஷயரில் உள்ள மேட்லாக் சானடோரியத்துக்குப் போனார். அங்கே ஏறக்குறைய ஓராண்டு. தென்னிந்தியச் சாப்பாட்டில் வளர்ந்தவருக்கு அங்கே கிடைத்தது வாய்க்கு விளங்கவில்லை. கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் தாங்கவில்லை. குளியலறை மட்டும்தான் கதகதப்பாக இருந்ததால், பேனாவும் பேப்பரும் எடுத்துக்கொண்டு அங்கே போய் எழுதப்போவதாக சானடோரியத்திலிருந்து ஹார்டிக்குத் தெரிவித்தார்.

வீடு, மொழி, சாப்பாடு, நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் தனியாக்கப்பட்ட வாழ்க்கை மனதையும் உடைத்தது. 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் தண்டவாளத்தில் குதித்தார். ரயிலைக் காவலர் நிறுத்தியதால் காயங்களோடு உயிர் தப்பினார். அதே 1918-ல்தான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ பதவியும் கிடைத்தன. பிறகு லண்டன் புட்னியில் ஒரு மருத்துவ விடுதியில் இருந்தபோது, பார்க்க வந்த ஹார்டி தான் ஏறி வந்த டாக்ஸியின் எண் 1729 சுவாரசியமே இல்லாதது என்றார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அதுதான் என்று படுக்கையில் இருந்தபடியே பதில் சொன்னார் ராமானுஜன்.

ஊர் திரும்பிய கடைசி ஓராண்டு

போர் முடிந்தது. 1919 ஏப்ரல் 2-ல் சென்னை வந்து சேர்ந்தார். எலும்பும் தோலுமாக வந்தவரைப் பார்த்து வீட்டார் ஆடிப்போனார்கள். காவிரிக்கரைக் காற்று ஒத்துக்கொள்ளும் என்று கொடுமுடியில் சில மாதம், பிறகு கும்பகோணம், 1920 ஜனவரியில் மறுபடி சென்னை. இங்கே பார்த்த மருத்துவர்களும் காசநோய் என்றே வைத்தியம் செய்தார்கள்.

சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் படுத்த படுக்கை. வலிக்கு ஜானகி ஒத்தடம் கொடுப்பார். வலி குறைந்ததும் இவர் பேப்பரைக் கேட்பார். 1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில்தான் போலித் தீட்டா சார்புகள் என்ற புது உலகமே இருந்தது. அந்த மாதங்களில் எழுதிய தாள்கள் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1976-ல்தான் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணித அறிஞரின் கையில் கிடைத்தன.

1920 ஏப்ரல் 26 காலையில் உயிர் பிரிந்தது. வயது 32. கடல் தாண்டிப் போனவர் என்பதால் ஆசாரமான உறவினர்கள் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை. 21 வயதில் கணவரை இழந்த ஜானகி, பிறகு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் சொந்தக் காலில் வாழ்ந்து, 1994-ல் காலமானார்.

1994: வேறொரு விடை

ஜானகி இறந்த அதே ஆண்டில் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பிரிட்டனைச் சேர்ந்த டி.ஏ.பி.யங். பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் அலசி, ராமானுஜனுக்கு வந்தது டிபி அல்ல, ஈரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று அவர் வாதிட்டார்.

அடிப்படை எது தெரியுமா? 1906-ல் வந்த சீதபேதி. அமீபாவால் வரும் சீதபேதியை ஒழுங்காகக் குணப்படுத்தாவிட்டால், கிருமி உள்ளேயே தங்கி, பல ஆண்டுகள் கழித்துக்கூட ஈரலில் சீழ்க்கட்டியாக வெளிப்படும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை குறைவு, வயிற்று வலி எல்லாம் அதற்கும் பொருந்தும்.

இதில் மனதை அறுக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. 1917-ல் டிபிக்கு மருந்து இல்லை. ஆனால் அமீபா தொற்றுக்கு இருந்தது. கொல்கத்தாவில் பணியாற்றிய லியோனார்ட் ரோஜர்ஸ், எமட்டின் ஊசியை 1912-லேயே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். யங் சொல்வது சரியென்றால், ராமானுஜன் குணமாக்கக்கூடிய நோயோடுதான் 3 ஆண்டுகள் போராடியிருக்கிறார்.

யங் சொல்வதும் அனுமானம்தான். 1984-ல் இதே கேள்வியை ஆராய்ந்த கணிதப் பேராசிரியர் ராபர்ட் ரேங்கின், மருத்துவர்கள் அன்று சொன்ன டிபியை ஒதுக்கவில்லை. இனி எந்த டெஸ்ட்டும் இதைத் தீர்த்துவைக்க முடியாது.

சரி, குழந்தைகளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ராமானுஜன் விஷயத்தில், இல்லாத டிபியை இருப்பதாக நினைத்திருக்கலாம் என்பது சந்தேகம். குழந்தைகள் விஷயத்தில் பெரும்பாலும் நடப்பது நேர் எதிர். இருக்கும் டிபி தெரியாமலே போகிறது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 12 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் டிபியால் பாதிக்கப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 5 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப் பேருக்கும் மேல் நோய் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. தவறு எந்தப் பக்கம் நடந்தாலும் காரணம் ஒன்றுதான். கிருமியைப் பிடித்துக் காட்ட முடியவில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்?

- கிருமி குறைவு. பெரியவர்களின் நுரையீரலில் கோடிக்கணக்கில் இருக்கும். குழந்தை உடம்பில் கொஞ்சம்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பெரும்பாலும் தெரியாது.
- சாம்பிள் எடுப்பது சிரமம். விழுங்கிய சளியை எடுக்க, அதிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பைத் திரவத்தை உறிஞ்ச வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். இவ்வளவு செய்தும் பல குழந்தைகளுக்குக் கிருமி சிக்காது.
- அறிகுறிகள் குழப்பும். காய்ச்சல், இருமல், எடை ஏறாதது. சாதாரண சளி, நிமோனியா, ஊட்டச்சத்துக் குறைவு என எல்லாவற்றுக்கும் இதே அறிகுறிகள்தான்.
- மான்டூ டெஸ்ட் முழு பதில் தராது. கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறதா என்று சொல்லும். நோயாக மாறிவிட்டதா என்று சொல்லாது. மிகவும் மெலிந்த குழந்தைக்குக் கிருமி இருந்தும் தோலில் தடிப்பு வராமல் போகலாம்.
- நுரையீரலோடு நிற்காது. கழுத்து நெறிக்கட்டி, மூளைக்காய்ச்சல், எலும்பு என்று எங்கே வேண்டுமானாலும் வரும். பிறந்ததும் போடும் பிசிஜி ஊசி, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து நல்ல பாதுகாப்பு தரும். ஆனால் டிபியே வராது என்று அர்த்தமில்லை.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் சில மணி நேரத்தில் முடிவு சொல்கின்றன. ட்ரூநாட் இந்தியாவில் உருவான கருவி. விழுங்கிய சளி கடைசியில் மலத்தில்தானே வரும்? அதனால் குழந்தையின் மலத்தையே மரபணு முறையில் பரிசோதிக்கலாம் என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. குழாய் விடவேண்டிய அவஸ்தை இதில் இல்லை.

சிகிச்சையிலும் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், மருந்து கொடுத்தால் சானடோரியத்தில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டாருக்கும் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-ல் நிரூபித்தது. நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்துத் தூரத்தில் வைக்கும் பழக்கம் உலகம் முழுக்க முடிவுக்கு வர அது முக்கியக் காரணம். அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. இருப்பது ராமானுஜன் உயிர் பிரிந்த அதே சேத்துப்பட்டில்.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

எவ்வளவு கருவி வந்தாலும், குழந்தை டிபியில் மருத்துவருக்குப் பெரிய துப்பு கொடுப்பது வீட்டார் சொல்லும் விவரம்தான். ராமானுஜனின் பழைய அறுவை சிகிச்சை பல மருத்துவர்களுக்குத் தெரியாமலே இருந்தது. 1906-ன் சீதபேதிக்கு உரிய கவனம் கிடைத்ததாகத் தெரியவில்லை. அந்தத் தப்பு நம் வீட்டில் நடக்கக்கூடாது.

- 2 வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருந்தால், எடை குறைந்தால் அல்லது ஏறாமலே நின்றால், டிபி டெஸ்ட் வேண்டுமா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.
- அங்கன்வாடியில் எடை குறித்துத் தரும் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். 3, 4 மாதமாக எடை ஒரே இடத்தில் நிற்பது அதில் தெரிந்துவிடும்.
- வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது டிபி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைக்கு டிபி வருவது பெரும்பாலும் கூடவே இருக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்துதான்.
- சங்கரன்கோவில் மாதிரி விசைத்தறி ஓடும் ஊர்களில், பெரியவர்களின் நாள்பட்ட இருமலுக்குப் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று விட்டுவிடக்கூடாது. தாத்தாவோ அப்பாவோ ஒரு சளி டெஸ்ட் கொடுப்பது பேரக்குழந்தையையும் காப்பாற்றும்.
- கோமளத்தம்மாள் ஜாதகத்தை நம்பினார். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணை நம்பிக் குழந்தைக்குப் பூசுபவர்களும் நிறையப் பேர். நம்பிக்கை இருக்கட்டும், அதற்காக டெஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.
- வீட்டில் ஒருவருக்கு டிபி உறுதியானால், நோய் வராத குழந்தைகளுக்கும் தடுப்பு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெறலாம்.

பரிசோதனை, மருந்து இரண்டுமே அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். சாதாரண வகை டிபிக்கு 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இருமல் நின்றதும் பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாக மாறலாம். முதல் டெஸ்ட்டில் கிருமி இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடவில்லை, எடை ஏறவில்லை என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டாம். குழந்தையை மறுபடி கூட்டிக்கொண்டு போங்கள். தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.